இருட்டுக்கு ஒரு மனு

கோவில்பட்டியில் நான் குடியிருக்கிற தெருவில் எனக்கு மகா பக்திமான் என்று பெயர். காரணம், அமாவாசை!

மாதம் தவறாமல் அமாவாசையை ஒட்டி, தோளில் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு புதூர்ப் பக்கம் இருக்கிற சொந்தக் கிராமத்துக்குப் பஸ் ஏறிவிடுவேன். "பெத்தவங்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க இந்தக் காலத்துல யாரு இப்படி அலையறா?" என்று எதிர்வீட்டு சார் தன் பிள்ளைகளுக்கு என்னை உதாரணம் காட்டுவதாகக் கேள்வி.

என் வீட்டுக்காரி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பைக்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். எள்ளும் கிடையாது, தர்ப்பையும் கிடையாது. ஒரு பழைய காமிரா, மூணு கால் ஸ்டாண்டு, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டின டார்ச் லைட், ராத்திரி பசிக்குக் கால் கிலோ கடலை மிட்டாய். அவ்வளவுதான்.

நான் வானத்தைப் போட்டோ எடுக்கப் போகிறவன் ஐயா! பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அமாவாசை வந்தால் ஆகாயக் கணக்கு. நிலா இருக்கிற ராத்திரியில் நட்சத்திரம் எடுபடாது. கல்யாண வீட்டில் மைக்செட் அலறும்போது பக்கத்துப் பந்தியில் இருக்கிறவர் பேசுகிற மாதிரி ஆகிவிடும். வாய் அசைவதுதான் தெரியும்.

எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளத்தில் பஸ் மாறி, நாகலாபுரம் வழியாகப் புதூர். வழி நெடுகக் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் வந்தீர்கள் என்றால் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் மல்லியுமாகப் பச்சைப் பாய் விரித்திருக்கும். சித்திரையில் வந்தால் அதே நிலமா என்று கேட்பீர்கள். கறுப்பு மண், சீமைக் கருவேலம், ஒற்றைப் பனை, கரிமூட்டப் புகை. அவ்வளவுதான் காட்சி. புதூரில் இறங்கி இன்னும் உள்ளே தள்ளி நடந்தால் எங்கள் கிராமம்.

இத்தனை வருஷத்தில் எடுத்த படங்களை ஒரு ஆல்பமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி வருவதற்கு முன்னால் ஆல்பம் வந்துவிடும். (காப்பி மட்டும் குடித்துவிட்டுத் தப்பித்தவர் இதுவரை யாரும் இல்லை.) பார்க்கிற எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "ஆளே இல்லாத காடு! என்ன ஒரு அமைதி!"

நானும் ரொம்ப நாள் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது ஆட்ட முடியவில்லை. அந்த ஆளே இல்லாத காட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதல் படம்: ஒரு வேட்டி நுனி

1997-ம் வருஷம். பங்குனி மாசம். ஹேல்-பாப் வால் நட்சத்திரம் வந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? பொழுது அடைந்ததும் வடமேற்கே, யாரோ சுண்ணாம்பு விரலால் இழுத்துவிட்ட மாதிரி வெறும் கண்ணுக்கே தெரிந்ததே, அதேதான். கிட்டத்தட்ட 18 மாசம் வெறும் கண்ணுக்குத் தெரிந்த வால் நட்சத்திரம் அது.

அப்போது நான் காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது, நிறைய நேரம் இருந்தது. சிநேகிதன் ஒருத்தனிடம் ஃபிளாஷ் வைத்த காமிரா ஒன்றை இரவல் வாங்கி, 36 படம் எடுக்கிற ரோல் போட்டு, கண்மாய்க் கரைக்குப் போனேன். தனியாகப் போகாதே, பூச்சி பொட்டு இருக்கும் என்று அப்பாவும் கூடவே வந்துவிட்டார், கையில் அரிக்கேன் விளக்கோடு. "வெளிச்சம் ஆகாதுப்பா" என்று அதையும் அணைக்கச் சொல்லிவிட்டேன். அவர் இருட்டில் ஒரு ஓரமாக நின்றுகொண்டார்.

நானோ வால் நட்சத்திரத்தைப் பார்த்து 36 தடவை ஃபிளாஷ் அடித்தேன்! அது பல கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது. என் ஃபிளாஷ் பத்தடி தாண்டாது.

கோவில்பட்டியில் ரோலைக் கழுவக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, முப்பத்தஞ்சுல ஒண்ணுமே இல்ல. ஒண்ணுல மட்டும் ஒரு வேட்டி நுனியும் ரெண்டு செருப்பும் இருக்கு. பிரிண்ட் போடவா?"

வெட்கத்தோடு அந்த ஒன்றை மட்டும் போட்டு வாங்கிக்கொண்டேன். ராத்திரிப் படத்துக்கு ஃபிளாஷ் உதவாது, காமிராவின் கண்ணைப் பல விநாடி திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஹேல்-பாப் மறுபடி வர சுமார் 4385-ம் வருஷம் ஆகுமாம். காத்திருக்க முடியாது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அந்த வேட்டி நுனிதான்.

இரண்டாவது படம்: வெடிப்பு

வாங்கின முதல் டிஜிட்டல் காமிராவில் எடுத்தது. சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற படம். பார்த்தவர்கள் எல்லாம் "வறட்சியின் கொடுமை!" என்று உச்சுக்கொட்டுவார்கள்.

உண்மையில் அது கரிசலின் குணம். இந்த மண்ணில் இருக்கிற களி, தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது வெடிக்கும். மேல் மண் வெடிப்புக்குள் உதிரும், மழை வந்தால் வாய் மூடிக்கொள்ளும். தன்னைத் தானே உழுதுகொள்கிற மண் என்று விவசாயம் படித்தவர்கள் சொல்வார்கள். உழவு மாட்டுக்கும் டிராக்டருக்கும் முன்னாலேயே அது பாட்டுக்கு உழுதுகொண்டிருக்கிறது. கோடை வெடிப்பு நல்லா விழுந்தால் வெள்ளாமை நல்லா வரும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி வெடிப்பைக் குறி வைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் குரல்.

"என்ன மாப்ளே, கெடச்சுதா?"

நிலத்துக்காரர். எனக்கு மாமா முறை.

"எது மாமா?"

"சாவி! போன வாரம் பம்புசெட்டு ரூம் சாவி இதுக்குள்ள விழுந்துட்டு. அதைத்தான் தேடுறீகளோன்னு நெனச்சேன்."

போட்டோ எடுக்கிறேன் என்று சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரு மணி நேரம் கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்து இரண்டு பேரும் துழாவினோம். சாவி கிடைக்கவில்லை. ஆடி மாசம் புதுப் பூட்டு வாங்கினார். அந்தப் படத்தில் இருப்பது வறட்சியின் கொடுமை இல்லை சார், எங்கள் மாமாவின் சாவி!

மூன்றாவது படம்: வட்டக் கோடுகள்

கண்மாய்க் கரையில் காமிராவை நட்டு வைத்து, இரண்டு மணி நேரம் விடாமல் எடுத்த படம். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக விழும். மணிக்கு 15 டிகிரி. இரண்டு மணி நேரத்துக்கு 30. அதாவது முழு வட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நடுவில் துருவ நட்சத்திரம் மட்டும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஐரோப்பாக்காரர்கள் எடுக்கிற படத்தில் துருவ நட்சத்திரம் உயரத்தில் இருக்கும். புதூரில் அது அடிவானத்திலிருந்து 9 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரம். ஒரு பனைமரம் குறுக்கே நின்றால் மறைந்துவிடும். நமக்குப் பூமத்திய ரேகை பக்கம் என்பதால் அப்படி. அதற்குப் பதிலாகத் தெற்கு வானம் நமக்குத் தாராளம். டில்லிக்காரருக்குத் தரையோடு தரையாகத் தெரிகிற அகத்திய நட்சத்திரம் நமக்கு ஜம்மென்று மேலே ஏறி வரும்.

படத்தில் வட்டக் கோடுகளுக்குக் கீழே, மக்காச்சோளக் காட்டுக்கு மேலே, ஒரு வெள்ளைக் கோடு கோணல்மாணலாக ஓடும். "விண்கல்லா?" என்று கேட்பார்கள். இல்லை. டார்ச் லைட்!

இந்தப் பக்கத்தில் காட்டுப்பன்றித் தொல்லை ஜாஸ்தி. கதிர் பிடிக்கிற நேரம் வந்தால் ராத்திரி முழுக்கக் காவல். தகரத்தைத் தட்டுவார்கள், வெடி போடுவார்கள், டார்ச் அடிப்பார்கள். அன்றைக்கு நான் கறுப்புச் சட்டையோடு கரையில் குந்தியிருந்தது, காவலில் இருந்த மாமா கண்ணுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"யாருல அது!" என்று ஒரு சத்தம். கூடவே கையில் கம்பு ஓங்கி நிற்கிற நிழல்.

"மாமா! நான்தான்! பன்னி இல்ல!"

"நல்லவேளை, வாயத் தொறந்தீக. ஒரு அடி குறைஞ்சுது."

(ஆமாம், சாவி மாமாவேதான்.) வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கடலை மிட்டாயில் பாதியைக் காலி பண்ணினார். நான் துருவ நட்சத்திரத்தைக் காட்டி, எல்லாம் சுற்ற அது மட்டும் நிற்கிற கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மாப்ளே, உங்க மீனு எங்கயும் ஓடிப்போகாது. நாளைக்கும் அங்கனயேதான் இருக்கும். என் பன்னி அப்படியில்ல. நான் இங்க ஒக்காந்து கத கேக்கிற நேரத்துல அரை ஏக்கரத் தின்னுட்டுப் போயிரும்."

எழுந்து போனார். போகும்போது அடித்த டார்ச்தான் அந்தக் கோடு. முதலில் படம் கெட்டுப்போச்சே என்று வருத்தம். இப்போது அதுதான் படத்திலேயே நல்ல கோடு என்று தோன்றுகிறது.

நான்காவது படம்: ஆட்டுக் கிடை

பால்வீதியைப் படம் பிடிக்க ஏற்ற காலம் மாசியிலிருந்து வைகாசி வரை. பால்வீதியின் நடுப்பகுதி தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. சுமார் 26,000 ஒளியாண்டு தூரம். அங்கிருந்து என் காமிராவுக்கு வந்து சேர்கிற வெளிச்சம், இந்தக் கரிசலில் ஒருத்தரும் ஏர் பிடிக்காத காலத்தில் கிளம்பின வெளிச்சம். அதைப் பிடிக்க ஒரு கணக்கு உண்டு. 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் வருகிற விநாடிதான் உச்சவரம்பு. 18 எம்.எம். லென்ஸ் என்றால் 27 விநாடி. என்னுடையது மாதிரி சின்ன சென்சார் காமிரா என்றால் 18. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் இழுபட்டுவிடும்.

ஒரு சித்திரை ராத்திரி, அறுவடை முடிந்த காட்டில் கிடை போட்டிருந்தார்கள். ராத்திரியில் ஆடுகளை அடைத்து வைத்தால் சாணமும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், கிடைக்காரருக்குக் கூலி. ஆடெல்லாம் வேம்பூர் ஆடு. புதூருக்குப் பக்கத்து ஊரான வேம்பூரின் பேரிலேயே ஒரு ஆட்டு இனம் இருக்கிறது, தெரியுமோ? வெள்ளை உடம்பில் அங்கங்கே செம்பட்டை படர்ந்திருக்கும். நட்சத்திர வெளிச்சத்திலேயே அந்த வெள்ளை மங்கலாகத் தெரிந்தது. மேலே பால்வீதி, கீழே ஆட்டு வீதி!

ஆனால் ஆட்டுக்கு 18 விநாடி கணக்கு தெரியாதே! ஒன்று தலையை ஆட்டும், ஒன்று எழுந்து இடம் மாறிப் படுக்கும். படத்தில் எல்லாம் பேய் மாதிரி விழுந்தன. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த கிடைக்காரத் தாத்தா கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"ஏ பேராண்டி, ஆடு அசையாம நிக்கணுமா ஒனக்கு?"

"ஆமா தாத்தா."

"பொறு. தேளு உச்சிக்கு வரட்டும். அப்பத்தான் அசை போட்டு முடிச்சு அசந்து தூங்கும்."

விருச்சிகம் தெற்கே உச்சிக்கு வந்தது. செல்போனைப் பார்த்தேன். மணி இரண்டு நாற்பது. ஆடுகள் மூட்டை மூட்டையாய் அசையாமல் கிடந்தன. எடுத்தேன். இதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். தாத்தாவிடம் கடிகாரம் கிடையாது. கார்த்திகைக் கூட்டம் எப்போது கிளம்பும், விடிவெள்ளி எந்த மாசம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் புத்தகம் பார்த்துப் படித்ததை அவர் கட்டிலில் படுத்தே படித்திருக்கிறார். படத்தின் இடது மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். செவ்வாய்க் கிரகம் இல்லை, தாத்தாவின் பீடி.

மனு

இத்தனை படமும் எடுக்க முடிந்தது எதனால்? இருட்டால். ராத்திரி வானம் எவ்வளவு இருட்டு என்று அளக்க ஒன்பது படி கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க அமெச்சூர் வானநோக்கர் 2001-ல் வெளியிட்டது. ஒன்றாம் படி சுத்த இருட்டு. ஒன்பதாம் படி பெருநகர வெளிச்சம். என் கோவில்பட்டி மொட்டைமாடியில் நட்சத்திரங்களை நின்று நிதானமாக எண்ணி முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். விஞ்ஞானிகளே இருட்டைத் தேடி அலைந்தவர்கள்தான். வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். அங்கே 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

எங்கள் கிராமத்திலும் இப்போது வடக்கே அருப்புக்கோட்டை, தெற்கே தூத்துக்குடி, தென்மேற்கே கோவில்பட்டி என்று மூன்று பக்கமும் அடிவானம் வெளுத்துத்தான் இருக்கிறது. ஆனாலும் உச்சி வானம் தப்பித்திருந்தது. கண்மாய்க் கரைப் பாதையில் ஒரு விளக்குகூடக் கிடையாது. "எங்க ஊர் இருட்டு மாதிரி வருமா!" என்று சிநேகிதர்களிடம் பெருமை பேசுவேன். ஏதோ அந்த இருட்டை நானே நெய்து மாட்டின மாதிரி.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஊருக்குப் போனபோது தகவல் சொன்னார்கள். எதிர்வீட்டு மதினியைப் பாம்பு கடித்துவிட்டது.

மதினி தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர். விடிவதற்குள் வேன் வரும். ரோட்டுக்குப் போகக் கண்மாய்க் கரைதான் வழி. திரும்புவதும் இருட்டின பிறகுதான். கரையில் சுருட்டை விரியன். மிதித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஏழு நாள். உயிர் தப்பியது, கால் வீக்கம் வடியவில்லை.

பார்க்கப் போனேன். வீட்டில் ஊரே கூடியிருந்தது. கரையில் விளக்குப் போடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும், கோவில்பட்டியில் இருக்கிற தம்பி நல்லா எழுதும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எந்த இடத்தில்? நான் காமிரா நடுகிற அதே இடத்தில்!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வெளக்கு வந்தா நல்லதுதான். ஆனா அதுக்கு நாள் ஆகுமே. அதுவரை ஆளுக்கு ஒரு டார்ச் லைட் வாங்கிக் குடுத்தா என்ன?"

கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த மதினி என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்:

"கொழுந்தனாரே, நீங்க மாசத்துல ஒரு ராத்திரி இந்த இருட்டப் பார்க்க வாரீக. நாங்க மாசம் பூரா அதுலதான் நடக்கோம்."

யாரும் எதுவும் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அழகு என்று சொல்லிக்கொண்டிருந்த இருட்டு யாரும் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது இல்லை. கம்பம் வராததால் மிஞ்சின இருட்டு. ஆல்பத்தில் "ஆளே இல்லாத காடு" என்று பெயர் வாங்கின இடத்தில்தான் தினமும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தூக்குவாளியோடு போய்வந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் வருகிற நேரம் தெரியும். அவர்கள் டார்ச் படத்தில் விழுந்துவிடக் கூடாது என்று அவர்கள் போகிற வரைக்கும் காத்திருந்து எடுத்தவன்தானே நான்?

அன்று ராத்திரியே உட்கார்ந்து மனு எழுதினேன். விளக்கு வேண்டும் என்று முதல் பாரா. பழக்கதோஷம், இரண்டாவது பாராவும் ஒன்று எழுதினேன்: "விளக்கின் வெளிச்சம் முழுவதும் பாதையில் விழும்படியாகவும், வானத்துக்குப் போகாதபடியாகவும் அமைத்துத் தர வேண்டுகிறோம்."

இது என் சுயநலம் மட்டும் இல்லை. மேலே போகிற வெளிச்சத்தால் பாம்பும் தெரியாது, பள்ளமும் தெரியாது. கரண்டுதான் தண்டம். லடாக்கில் ஹான்லேயைச் சுற்றி 2022-ல் இருட்டு வானக் காப்பகம் அறிவித்தபோதுகூட, வீடுகளை இருட்டில் மூழ்கச் சொல்லவில்லை. விளக்குக்குத் தொப்பி போடு, வெளிச்சத்தைக் கீழே காட்டு, சன்னலுக்குத் திரை போடு என்றுதான் சொன்னார்கள். ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டுகிற வேலையும் கொடுத்தார்கள். விளக்கும் நட்சத்திரமும் சேர்ந்திருக்க வழி இருக்கிறது.

மனுவை வாங்கினவர் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெளக்கு கேட்டு நெறய மனு வந்திருக்கு. வெளிச்சம் வேண்டாத எடத்தையும் சேர்த்து எழுதின மனுவை இப்பத்தான் பார்க்கிறேன். வானத்துக்குப் போகாதபடின்னா என்ன அர்த்தம்?"

நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்: "அய்யா, பன்னியும் பாம்பும் தரையிலதான் வருது. வானத்துல வரல!"

எட்டு மாசம் கழித்து விளக்கு வந்தது. மாட்ட வந்த தம்பி வழக்கம்போல முகத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி மாட்டப்போனான். மாமா அவனுக்கு டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்து, தட்டையாகக் குனிந்து பார்க்கிற மாதிரி மாட்ட வைத்தார். வெளிச்சம் பாதையில் வட்டமாக, கோலம் போட்ட மாதிரி விழுந்தது. கரையில் கிடந்த கல்லும் முள்ளும் துல்லியமாகத் தெரிந்தன.

பொய் சொல்ல மாட்டேன். என் பழைய இடம் போனது போனதுதான். தொப்பி போட்டாலும் விளக்கு விளக்குதானே. அங்கே நின்று பால்வீதியை இனிமேல் எடுக்க முடியாது. இப்போதெல்லாம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தாவின் கிடைப் பக்கம் போய்விடுகிறேன். கால் கொஞ்சம் வலிக்கும். மதினிக்கு வலித்ததை நினைத்துக்கொள்வேன்.

கடைசிப் படம்

2024-ம் வருஷம். ஒரு வால் நட்சத்திரம் வருகிறது என்று செய்தி. சுச்சின்ஷான்-அட்லஸ் என்று பெயர். 2023-ல் சீனாவின் ஊதா மலை வானாய்வகமும், தென்னாப்பிரிக்காவில் இருக்கிற அட்லஸ் தொலைநோக்கியும் கண்டுபிடித்ததால் இரண்டு பெயரும் சேர்ந்துவிட்டது. செப்டம்பர் 27-ம் தேதி சூரியனை நெருங்கித் திரும்பியது. அக்டோபர் முதல் நாட்களில் விடியற்காலை கிழக்கே தெரியும். அக்டோபர் 2 மகாளய அமாவாசை. முதல் நாளே லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். எட்டயபுரத்தில் பஸ் நின்றபோது பாரதியாரை நினைத்துக்கொண்டேன். 1910-ல் ஹாலி வால் நட்சத்திரம் வந்து, பூமி அதன் வாலுக்குள் புகுந்து போகும், விஷவாயு பரவும் என்று உலகமே பயந்து கிடந்தபோது, புதுச்சேரியில் இருந்த அவர் 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்று பாட்டு எழுதினார். ஏழைகளுக்கு அதனால் இடைஞ்சல் ஒன்றும் இல்லை என்று படித்தவர்கள் சொல்வதையும் அதிலேயே சேர்த்திருக்கிறார்.

அக்டோபர் 1 விடியற்காலை. வால் நட்சத்திரம் கிழக்கே ரொம்பத் தாழ்வாக இருக்கும், விடிகிற வெளிச்சமும் வந்துவிடும், அதனால் ஒரு விளக்கு பெரிய தொந்தரவு இல்லை என்று கணக்குப் போட்டு, பழைய கண்மாய்க் கரைக்கே போனேன். விளக்குக் கம்பத்துக்கு மேற்கே நூறு அடி தள்ளிக் காமிராவை நட்டேன். ஐந்து மணி வரை மேகம். மாமா துணைக்கு வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன். "சுச்சி... என்ன எழவோ, சுச்சியம்மான்னு வச்சுக்கோ" என்றார்.

ஐந்தே காலுக்கு மேகம் விலகியது. பனைமரத்துக்கு மேலே, மெலிசாக, துடைப்பக் குச்சி மாதிரி ஒரு வால்!

அதே நேரத்தில் கம்பத்தடிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மதினியும் லேசாகக் கால் சாய்த்து நடந்து வந்தார். வேனுக்குக் காத்திருக்கிறார்கள். பழைய நானாக இருந்தால் அவர்கள் போகட்டும் என்று காத்திருந்திருப்பேன். அன்று காத்திருக்கவில்லை.

"மதினி! எல்லாரும் அந்தப் பனைக்கு மேல பாருங்க! வால் முளைச்ச மீனு!"

தூக்குவாளியோடு எல்லோரும் திரும்பி அண்ணாந்து பார்த்தார்கள். "எங்க?" "அந்தா!" "அடி ஆத்தே!" சரியாக நான்கு விநாடி. பட்டனை விட்டேன்.

மறுநாள் படத்தைச் செல்போனில் காட்டினேன். மதினிக்குத் திருப்தி இல்லை. "எல்லாரும் முதுகக் காட்டிட்டு நிக்கோம். ஒரு மூஞ்சியாவது தெரியுதா? இதுக்குப் போயா மனுசன் ராத்திரி பூரா முழிக்கான்!"

அன்று மகாளய அமாவாசை. கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மாமாவிடம் எள் கடன் வாங்கி, முதல் தடவையாக உண்மையாகவே அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். 1997-ல் அவர் விளக்கை அணைத்துவிட்டு நின்ற இடம் அதற்குப் பக்கத்தில்தான்.

ஊர் திரும்பியதும் எதிர்வீட்டு சார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அமாவாசை நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சு சார். ஒரு ஆல்பம் இருக்கு, பார்க்கிறீங்களா?" என்றேன்.

வீட்டுக்காரி காப்பி போட உள்ளே போனாள். அவசரமில்லாமல்.